எட்டுத் துண்டு, ஏழு வெட்டு

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நானும் உருண்டையும் உங்கள் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி, கடல் காற்றில் சளி பிடித்ததா, மாத்திரைப் பெட்டியைத் திறந்தீர்களா என்பதைப் பதிலின் முதல் வரியிலேயே எழுதிவிடவும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

யாரோ ஒரு வெல்டர் கவிழ்ந்த கப்பலை வீடியோ எடுத்துப் போட்டாராம், அதற்காக வழக்கு முடிகிறவரை முந்நூறு பேருக்கும் போன் கிடையாதாம். ஒருத்தன் விசில் அடித்தால் வகுப்பையே முட்டி போடவைக்கிற வாத்தியார் யாரோ உங்கள் கம்பெனியில் மேனேஜராக இருக்கிறார். நான் கடைசியாக இத்தனை பக்கம் கையால் எழுதியது கல்லூரிப் பரீட்சையில். அங்கேயும் கூடுதல் தாள் கேட்டவள்தான்.

கப்பல் படத்தைப் பேப்பரில் பார்த்தோம். துறைமுக வாசலை மறித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. மத்தியானத்தில் கூடத்து வாசலில் படுத்திருக்கும் மாமா மாதிரியே இருக்கிறது என்றேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, கப்பல் இன்னும் கொஞ்சம் மெலிவு என்றார்.

நீங்கள் பஸ் ஏறும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு வாக்குக் கொடுத்தோம், நினைவிருக்கிறதா? நீங்கள் கொட்டகைக்குள் உட்கார்ந்து கணக்குப் போடுவதோடு சரி, கப்பல் மேல் ஏறமாட்டீர்கள். இது உங்கள் வாக்கு. என் வாக்கு உருண்டையைப் பற்றி. அவள் பிறந்தபோது நீங்கள் இழுவைக் கப்பலில் இருந்தீர்கள், வந்தது ஆறாம் நாள். குப்புற விழுந்தது, முதல் பல், முட்டி போட்டது எல்லாம் உங்களுக்குச் செய்தியாகத்தான் வந்தது. “நடக்குறதையாவது என் கண்ணால பாக்கணும். நான் வர்ற வரைக்கும் நடக்க விடாதே” என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலில் தெரிந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு இன்று பதினோரு மாதம் முடிகிறது. கப்பலை அறுத்தால் எட்டுத் துண்டு, துண்டுக்கு ஒரு வாரம், எட்டு வாரத்தில் வந்துவிடுவேன் என்றீர்கள். எட்டுத் துண்டாக்க ஏழு வெட்டுப் போதும். அப்படியானால் ஏழு வாரம்தானே?

தனித்தாளில் பதினொரு கேள்விகள் வைத்திருக்கிறேன். ஒன்றையும் விடாமல் பதில் எழுதவும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்க்கும்,
உருண்டையின் அம்மா


மார்ச் 21

அன்பானவளுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சளி இல்லை. மாத்திரைப் பெட்டியைத் திறந்தேன், அதற்குள் இன்னொரு மாத்திரைப் பெட்டி இருந்தது. அப்பாவையும் உருண்டையையும் கேட்டதாகச் சொல்.

வேலை இதுதான். இரண்டு பெரிய மிதவைகள், அவற்றின் மேல் பாலம் மாதிரி ஓர் இரும்பு வளைவு. கப்பலுக்கு இந்தப் பக்கம் ஒரு மிதவை, அந்தப் பக்கம் ஒன்று. கப்பலின் அடியில் ஒரு சங்கிலியை விட்டு, இரண்டு முனையையும் வளைவுக்கு ஏற்றி, மாற்றி மாற்றி இழுப்பார்கள். சங்கிலி அறுத்துக்கொண்டே மேலே வரும். ஒரு கண்ணியின் எடை நம் அப்பாவின் எடை. எங்கே அறுக்க வேண்டும் என்று கோடு போடுவதும், அறுத்த துண்டு எவ்வளவு கனக்கும் என்று சொல்வதும் நான். தப்பாகச் சொன்னால் தூக்குகிற கிரேன் உட்கார்ந்துவிடும்.

ஒரு வெட்டுக்கு ஒரு நாள் என்று திட்டத்தில் போட்டிருந்தது. ஆரம்பித்துப் பதினோரு நாள் ஆகிறது. கால்வாசி வந்திருக்கிறது.

உன் கேள்விகள். 1 ஆம். 2 இல்லை. 3 இரண்டு போர்வை. 4 ஆம். 5 காய்ச்சித்தான். 6 இல்லை. 7 மேல் படுக்கை. 8 தினமும். 10 பார்க்கவே இல்லை. 11 ஆம், நானும்தான்.

உருண்டை என்ன செய்கிறாள்?

அன்புடன்,
வீட்டுக்காரன்


ஏப்ரல் 6

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நிஜமாகவே நன்றாகத்தான் இருக்கிறோம், அதில் சந்தேகம் வேண்டாம். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

ஒன்பதாவது கேள்விக்குப் பதில் இல்லை. “கப்பல் மேல் ஏறுகிறீர்களா?” என்பதுதான் ஒன்பது. தாள் தொலைந்திருந்தால் என்று மறுபடி எழுதினேன்.

உருண்டை என்ன செய்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். கனமாகிவிட்டாள். அதனால் இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். அதாவது, கனமாக இருப்பதால் இறக்கிவிட வேண்டியதுதான், ஆனாலும் இறக்கிவிடுவதில்லை. குழந்தைகள் பதினெட்டு மாதம் வரைகூட நடக்காமல் இருக்கலாம், பயப்படவேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டவணையில் போட்டிருக்கிறது. நான் பயப்படவில்லை.

இன்று வெயில் அதிகம். தண்ணீர் நேரத்துக்கு வருகிறது. வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு உங்கள் மனைவி


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பசங்களும் சௌக்கியமா? உன் முதுகுவலி விட்டதா? என் சௌக்கியத்தை நீயே படித்து முடிவு பண்ணிக்கொள்.

உருண்டை நடந்துவிட்டாள். நேற்று முன்தினம் காலையில் மாமாவின் நாற்காலிக்காலைப் பிடித்து நின்றவள், ஏதோ வேலை ஞாபகம் வந்த மாதிரி கையை விட்டுவிட்டுத் துணிக்கூடை வரைக்கும் போனாள். நாலு அடி. போய்ச் சேர்ந்ததும் கூடையைக் கவிழ்த்தாள். நான் ஓடிப் போய்த் தூக்கி, பழையபடி உட்காரவைத்துவிட்டேன். உலகத்தில் எந்த அம்மாவாவது இப்படிச் செய்வாளா? எழுந்து மறுபடியும் நடந்தாள். மறுபடியும் உட்காரவைத்தேன். ஆறு தடவை. கடைசியில் நான்தான் உட்கார்ந்தேன்.

அவருக்கு எப்படி எழுதுவேன்? முதல் வெட்டே முடியவில்லை. நேற்று எழுதிய கடிதத்தில் வெயிலைப் பற்றி எழுதினேன் அக்கா, வெயிலைப் பற்றி.

மாமாவிடம் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டேன். அவர் முப்பது வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்ட். “பொய்ய நெறைய டைப் அடிச்சிருக்கேம்மா, ஒண்ணுகூட சொன்னதில்ல. யாராவது கேட்டா உண்மையத்தான் சொல்லுவேன். கேக்காட்டி என் வாயில ஒண்ணும் வராது” என்றார். அன்றிலிருந்து யாராவது அவரிடம் பேச வந்தால் நான் நடுவில் போய் நிற்கிறேன்.

என்ன செய்யட்டும்?

உன் அன்புத் தங்கை


ஏப்ரல் 16

அடி சின்னவளே,

நாங்கள் சௌக்கியம். முதுகுவலி அப்படியே இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் இடுப்புக்கும் இறங்கியிருக்கிறது.

பிள்ளை நடக்கவில்லை என்று ஊரெல்லாம் அழுகிறார்கள். நடந்துவிட்டது என்று அழுகிற முதல் ஆள் நீதான். நீ என்ன குழந்தையை வைத்திருக்கிறாயா, கடத்தல் சரக்கை வைத்திருக்கிறாயா? உடனே உண்மையை எழுதிவிடு. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், கப்பலில் இருந்து வந்து அடிக்கவா போகிறார்?

ஆனால் உன்னை எனக்குத் தெரியும். எழுதமாட்டாய். அப்படியானால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பொய் சொல்கிறவள் சுருக்கமாக எழுதவேண்டும். உனக்கு அது இந்த ஜென்மத்தில் வராது.

அக்கா


மே 2

அன்பானவளுக்கு,

நலம். முட்டி மட்டும் கொஞ்சம் வலி, வேறொன்றுமில்லை. அங்கே எப்படி?

முதல் வெட்டு முடிந்தது. நாற்பத்திரண்டு நாள். நடுவில் சங்கிலி இரண்டு தடவை அறுந்தது. முதல் துண்டைத் தூக்கியபோது நான் சொன்ன எடைக்கும் கிரேன் காட்டிய எடைக்கும் பன்னிரண்டு டன்தான் வித்தியாசம். மேஸ்திரி தோளில் தட்டினார். கப்பல் ஏற்றி வந்ததெல்லாம் ஃபிரிட்ஜ். வெட்டுவாய் திறந்ததும் ஒவ்வொன்றாக மிதந்து வெளியே வந்தன. சுற்றிலும் வலை கட்டியிருப்பதால் தப்பிக்கவில்லை. ஒன்றைத் திறந்தால் உள்ளே ஒரு நண்டு, முட்டை வைக்கிற தட்டில் உட்கார்ந்திருந்தது.

கப்பலுக்குள் எல்லாமே மாறிப் போயிருக்கிறது. நடைபாதை கிணறு மாதிரி இறங்குகிறது. கதவு காலடியில். கழிப்பறைப் பீங்கான் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியில் பாசி வழுக்கும். அங்கே போகிறவர்கள் இரண்டு கையும் முட்டியும் ஊன்றித் தவழ்ந்துதான் போகவேண்டும் என்பது சட்டம். ஒருத்தன் போன வாரம் அவசரத்தில் எழுந்து நடந்துவிட்டான். பாதுகாப்பு அதிகாரி ஒலிபெருக்கியில், “நடக்காதீங்க சார், தவழுங்க” என்று முந்நூறு பேர் கேட்கக் கத்தினார். பாவம் அந்த ஆள்.

முட்டியில் கனமாக ஒட்டுப்போட்ட கால்சட்டை இரண்டு தைத்து அனுப்பு. எங்கள் முகாமின் ஸ்டோர்க்காரர் அந்தப் பக்கம் வரும்போது வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார்.

இந்த வேகத்தில் போனால் எட்டு வாரம் என்பது நடக்காது. உருண்டையிடம் சொல், பொறுமையாக இருக்கச் சொல்லி.

அன்புடன்,
வீட்டுக்காரன்


மே 20

அன்புள்ளவருக்கு,

இங்கே மூவரும் சுகம். உங்கள் முட்டிக்கு மருந்து வைத்திருக்கிறேன், காலையிலும் மாலையிலும் தடவவும். “பாவம் அந்த ஆளுக்கும்” கொஞ்சம் கொடுக்கவும்.

கொட்டகைக்குள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவருக்குக் கால்சட்டை எங்கே தேயவேண்டும்? முட்டியிலா? நான் கல்லூரியில் படித்தது தர்க்கம். மூன்று இரவு தூங்கவில்லை. ஏறத்தான் வேண்டுமென்றால் ஏறுங்கள், கோடு போடாமல் எப்படி அறுப்பார்கள் என்று எனக்கும் புரிகிறது. ஆனால் தவழ்ந்தே போங்கள். அந்த அதிகாரி நன்றாக இருக்கவேண்டும்.

ஸ்டோர்க்காரர் வந்தார். உருண்டையைத் துணிக்கூடைக்குள் உட்காரவைத்திருந்தேன். “ஏம்மா, பாப்பாவ எறக்கி விடுங்க, எப்படி இருக்குன்னு அவர்கிட்ட சொல்லணும்ல” என்றார். கூடைதான் அவளுக்குப் பிடிக்கும் என்றேன். அவள் கூடை விளிம்பில் ஒரு காலைத் தூக்கிப் போட்டாள். நான் எடுத்து உள்ளே வைத்தேன். இன்னொரு காலைப் போட்டாள். அவர் மாமாவைப் பார்த்து, “பேத்தி நடக்குதா சார்?” என்று கேட்டார். மாமா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து என் கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. எவர்சில்வர் தட்டு, ரொம்ப நேரம் சுற்றியது. அது நிற்பதற்குள் அவர் படகுக்கு நேரமாகிவிட்டது.

மற்றபடி வழக்கமான வீட்டுக்கதைதான். சமையலறை அலமாரியில் இரண்டாம் தட்டில் இருந்த உப்பு டப்பா காலி, தரையெல்லாம் உப்பு. மாமா மேஜையில் வைத்த கண்ணாடியைக் காணோம் என்று தேடினோம். வாசல் பக்கத்துத் தண்ணீர் வாளிக்குள் இருந்தது. இவளை எங்கேயென்று தேடுவது, தெருவில் பாதி...

உருண்டை நன்றாகத் தவழ்கிறாள்.

உங்கள் மனைவி


ஜூன் 18

அன்புள்ளவருக்கு,

நாங்கள் சுகம். நீங்கள்?

நான் எழுதி ஒரு மாதம் ஆகிறது. பதில் இல்லை. பேப்பரில் இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு என்று படம் வருகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், வளைவின் மேல் நிற்கிற ஒரு புள்ளி நீங்கள் என்று மாமா சொல்கிறார். அந்தப் புள்ளி நிமிர்ந்து நிற்கிறது.

ஒரு வரி எழுதினால் போதும். “நலம்” என்று மூன்று எழுத்து. பதினொரு கேள்வி கேட்கமாட்டேன்.

நான்


ஜூலை 3

அன்பானவளுக்கு,

நலம். வளைவில் நின்றது நான் இல்லை, விளக்குக் கம்பம்.

மே மாதம் நீ எழுதிய கடிதம் கிடைத்து நாற்பது நாள் ஆகிறது. கையில் பேனாவை எடுப்பேன், வைப்பேன்.

உப்பு டப்பா இருந்த அந்த இரண்டாம் தட்டை ஆணி அடித்து மாட்டியவன் நான். தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி. முட்டி போட்டிருக்கிற குழந்தைக்கு அதிகம் போனால் இரண்டடி எட்டும். சரி, எதையாவது பிடித்து எழுந்து நின்றிருப்பாள், நிற்பது வேறு நடப்பது வேறு என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் மேஜைக்கும் வாசல் வாளிக்கும் பதினான்கு அடி. நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு தவழமுடியுமா என்று கப்பல் மேல் என் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து பார்த்தேன். முடியாது. கண்ணாடி கடலில். புதிது வருகிறவரை மேஸ்திரிதான் எண்களை வாசித்துச் சொன்னார்.

கோபம் இல்லை. முதல் இரண்டு நாள் இருந்தது. யார் மேல் என்று பார்த்தேன். உன் மேல் இல்லை, அவள் மேலும் இல்லை. சங்கிலி மேல் கோபப்பட்டு என்ன செய்வது?

என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே, எத்தனை அடி? எல்லாம் எழுது. நீளமாகவே எழுது.

வீட்டுக்காரன்


ஜூலை 9

என் அன்புக்குரியவருக்கு,

எல்லாரும் சுகம், இந்தத் தடவை மறைக்க ஒன்றும் இல்லாத சுகம்.

ஏப்ரல் ஐந்து. காலை ஒன்பது இருபது. மாமாவின் நாற்காலியின் இடது முன்காலில் இருந்து துணிக்கூடை வரை. நாலு அடி. தூரத்தை உங்கள் இரும்பு நாடாவை எடுத்து அளந்தேன், மூன்றடி இரண்டு அங்குலம். முதல் அடி வலது கால். மூன்றாவது அடியில் இடது பக்கம் சாய்ந்தாள், விழவில்லை. பச்சைச் சட்டை. வாயில் என் சாவிக்கொத்து இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாக்குத் தவறியது நான்தான். ஆறு தடவை உட்காரவைத்தேன், ஏழாவது தடவை மனசு வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் இனிமேல் யார் கேட்டாலும் சொல்லலாம் என்றேன். அவர் அன்றே தெரு முழுக்கப் போய், கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

மனக்குறை எதுவும் வேண்டாம். நீங்கள் வரும்போது வாசலில் நிறுத்தி விடுகிறேன். நேராக உங்களிடம் நடந்து வருவாள். அது உங்களுக்கு முதல் தடவைதானே?

உங்களுடையவள்


செப்டம்பர் 28

அன்பானவளுக்கு,

நலம். எட்டாவது துண்டு நேற்று ஏறியது. நீ சொன்னபடி வெட்டு ஏழுதான். வாரம்தான் முப்பதைத் தொட்டுவிட்டது. கப்பல் இருந்த இடத்தில் இப்போது வெறும் தண்ணீர், பார்க்க என்னவோ போல் இருக்கிறது. ஏழாம் தேதி காலை வருகிறேன். வாசலில் நிறுத்து.

வீட்டுக்காரன்


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பசங்களும் நலமாக இருக்க வேண்டும். இவர் வந்து ஐந்து நாள் ஆகிறது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நடுவில் சிரிக்காதே.

ஏழாம் தேதி வாசலில் உருண்டையை நிறுத்தினேன். இவர் ஆட்டோவில் இருந்து இறங்கினார். மார்புவரை தாடி. கறுத்துப் போய், தோளில் ஒரு பெரிய பையோடு. தெருவிலேயே உட்கார்ந்து கையை நீட்டினார். உருண்டை அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பொத்தென்று உட்கார்ந்தாள். அப்புறம் தவழ்ந்தே வீட்டுக்குள் போய் மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அன்றைக்கு முழுக்க நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. ஆறு மாதமாக ஊரை அளந்தவள், இவர் கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் தவழ்ந்தாள். ஏப்ரலில் இருந்து நான் எழுதிய பொய்யை அக்டோபரில் வந்து உண்மையாக்கினாள். மூன்றாம் நாள் இவர் தாடியை எடுத்தார். அது இன்னும் மோசம், புதுசாக இன்னொரு ஆள் வந்துவிட்டதாக நினைத்தாள்.

இவர் என்னிடம் மெதுவாக, “நெஜமாவே நடந்தாளா?” என்று கேட்டார். மாமா நாற்காலியில் இருந்தபடியே, “நடந்தா. ஒம்போது இருபதுக்கு. நான் நேர்ல பாத்த சாட்சி” என்றார்.

இப்போது உனக்குக்கூட எழுதாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்ததை மறைத்தது பெரிய விஷயமே இல்லை. ஒன்றரை வயதாகியும் இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்றுகூட இல்லை. ஆஸ்பத்திரி அட்டவணையில் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து, அலமாரிக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். இவருக்கு எழுதிய ஒரு கடிதத்திலும் அது இல்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று பயம்.

நேற்றுக் காலை நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் கூடத்தில் சவரக்கண்ணாடி முன்னால் இருந்தார். உருண்டை நாற்காலிக்குப் பின்னால் இருந்து எழுந்தாள். நேராக நடந்து வந்தாள். இவர் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் இவரைத் தாண்டிப் போனாள். சுவரோரம் இருந்த இவருடைய பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்தாள். பின்பக்கமாகவே நடந்து, இழுத்து, இழுத்து, நடுவில் ஒரு தடவை விழுந்து எழுந்து, வாசற்படி வரை கொண்டுபோய் வைத்தாள். அப்புறம் திரும்பி, தெருவை நோக்கிக் கையை நீட்டி, இவரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்:

“போ.”

எனக்குக் கத்தி கையில் இருந்து நழுவியது. மாமா நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறேன், அவள் இன்னும் சத்தமாக, “போ, போ” என்கிறாள்.

இவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கிடைத்த காகிதத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். “நான் பாத்தேன், நான்தான் மொதல்ல கேட்டேன்” என்று சொல்லிக்கொண்டே குறித்தார். எட்டு மணி நாற்பத்தாறு நிமிஷம்.

உன் அன்புத் தங்கை